பனி செய்ததும் மனிதர் செய்ததும்

2021 நவம்பர் 28 அன்று இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் டர்ஃப் மூர் மைதானம் பனியில் மூடிப்போனது. டாட்டன்ஹாம் அணியுடனான கால்பந்து ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லாத நிலையில் அது ஒத்திவைக்கப்பட்டது. லண்டனிலிருந்து வந்திருந்த டாட்டன்ஹாம் ரசிகர்கள் வந்த வழியே திரும்பினார்கள். அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து இந்த ஆட்டத்துக்காகவே வந்த ஒரு தம்பதியும் அவர்களில் இருந்தார்கள். செய்தி அறிந்த அப்போதைய டாட்டன்ஹாம் வீரர் ஹாரி கேன், அடுத்த முறை தன் விருந்தினராக வரும்படி அவர்களை அழைத்தார். எல்லோருக்கும் வருத்தம்தான், ஆனால் கோபம் இல்லை. ஏழு வாரம் கழித்து, 2022 ஜனவரி 16 அன்று, அதே டாட்டன்ஹாம் தன் பரம எதிரியான ஆர்சனலைத் தன் மைதானத்தில் சந்திக்க வேண்டியிருந்தது. ஆர்சனலின் வேண்டுகோளால் அந்த ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக முதல் நாள் சனிக்கிழமை அறிவிப்பு வந்தது. இந்த முறை ரசிகர்கள் கொதித்தார்கள், டாட்டன்ஹாம் கிளப்பே வெளிப்படையாகத் தன் வியப்பைத் தெரிவித்தது. ரயில் டிக்கெட், விடுதி வாடகை, கேட்டு வாங்கிய விடுப்பு என்று கணக்குப் பார்த்தால் இரண்டு முறையும் இழப்பு ஒரே வகைதான். சொல்லப்போனால் பனியில் திரும்பியவர்கள் இழந்ததுதான் அதிகம். அப்படியிருக்க, குறைவாக இழந்தவர்களின் கோபத்துக்கு நியாயம் உண்டா? பெருந்தொற்றால் சிதைந்த அந்தப் பருவங்களில் ரசிகர்கள் ஓயாமல் விவாதித்த அட்டவணை மாற்றங்களுக்கும் பயணச் சிக்கல்களுக்கும் அடியில் கிடந்தது இந்த அறவியல் கேள்விதான் என்பது என் எண்ணம்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக வைத்தார். நம் கைக்கு மீறி நடப்பதையும் மனித முயற்சிக்கு உட்பட்டதையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்ற உணர்வு நம் சிந்தனைக்குப் பழையது. ஆக்ஸ்ஃபர்ட் தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் எழுதிய 'சுதந்திரமும் மனக்கசப்பும்' என்ற கட்டுரை இதையே வேறொரு பக்கத்திலிருந்து அணுகுகிறது. ஒருவர் தெரியாமல் என் கையை மிதித்தாலும், என்னை ஒரு பொருட்டாகவே மதியாமல் மிதித்தாலும் வலி ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் மட்டும் எனக்குள் கசப்பு எழுகிறது. அது வலிக்கு அல்ல, அந்த மனிதரின் மனப்பாங்குக்கு நான் தரும் பதில். ஸ்ட்ராசன் இன்னொன்றும் சொல்கிறார். பிறரை நாம் இரண்டு விதமாகப் பார்க்க முடியும்: நம்மோடு உறவில் நிற்கும் ஆளாக, அதாவது கோபிக்கவும் நன்றி சொல்லவும் தகுந்தவராக, அல்லது கையாளவும் கட்டுப்படுத்தவும் அப்புறப்படுத்தவும் வேண்டிய ஒரு பொருளாக. கால்பந்து நிர்வாகங்கள் ரசிகரை எந்தக் கண்ணால் பார்த்தன என்பதைத் தொற்றுக்காலம் போல வேறெதுவும் வெளிச்சம் போட்டுக் காட்டவில்லை.

தொடக்கத்திலேயே நடந்த இரண்டு ஆட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் அட்டலான்டா, ஸ்பெயினின் வலென்சியாவுடன் சாம்பியன்ஸ் லீக்கில் மோதியது. அட்டலான்டாவின் சொந்த ஊரான பெர்கமோவில் உள்ள மைதானம் ஐரோப்பியப் போட்டிக்கான தகுதியைப் பெற்றிருக்கவில்லை. அதனால் ஆட்டம் மிலானின் சான் சீரோ அரங்கில் நடந்தது. 44,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெர்கமோவிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் காரிலும் வந்தவர்கள். 4-1 என்று வெற்றி. கொண்டாட்டத்துக்கு அளவில்லை. அடுத்த சில வாரங்களில் பெர்கமோ ஐரோப்பாவிலேயே மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்றானது. சவப்பெட்டிகளை ஏற்றிச் செல்ல ராணுவ லாரிகள் வந்தன. ஆனால் வட இத்தாலியின் கொடோன்யோவில் உள்ளூர்த் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே ஆட்டம் முடிந்து ஓரிரு நாள் கழித்துத்தான். அன்று மாலை அரங்கின் கதவைத் திறந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அது பெருந்துயரம், ஊழ்.

மூன்று வாரம் கழித்து, மார்ச் 11. லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்துக்கு அட்லெட்டிகோ மாட்ரிட் வந்தது, கூடவே சுமார் 3,000 ரசிகர்களும். மாட்ரிட்டில் அப்போது பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஸ்பெயின் லீக் ஆட்டங்களில் பார்வையாளர்களுக்குத் தடை வந்துவிட்டது. அதாவது அந்த ரசிகர் தன் ஊர் மைதானத்தில் தன் அணியைப் பார்க்க முடியாது, ஆனால் விமானம் ஏறி இன்னொரு நாட்டில் 50,000 பேர் நடுவே நின்று பார்க்கலாம்! உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே நாளில்தான். கூட்டங்களுக்குத் தடை தேவை என்று பிரிட்டிஷ் அரசு அன்றுவரை கருதவில்லை. இரண்டே நாளில், மார்ச் 13 அன்று, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் முழுவதும் நிறுத்தப்பட்டது. இங்கே ரசிகருக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஆட்டத்தை ரத்து செய்ததல்ல, ரத்து செய்யாமல் விட்டது. தகவல் கையில் இருந்தவர்கள் முடிவைத் தள்ளிப்போட்டார்கள். ரசிகர்களை நம்பிப் பயணம் செய்ய விட்டார்கள். ஆகவே நான் வாதிடுவது 'எப்பாடுபட்டாலும் ஆட்டம் நடக்க வேண்டும்' என்பதற்காக அல்ல. ரசிகருக்கு ஆட்டத்தின் மீது உரிமை இல்லை. தன் பயணத்தை ஒரு பொருட்டாகக் கருதி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் அவருக்கு உரிமை உண்டு. ஆன்ஃபீல்டில் அது தடையாக வந்திருக்க வேண்டும். வேறொரு நாளில் அது காலத்தோடு வரும் ஓர் அறிவிப்பு.

அந்த வேறொரு நாள் 2021 டிசம்பரில் வந்தது. ஒமிக்ரான் அலையில் வீரர்கள் வரிசையாகத் தொற்றுக்கு ஆளானார்கள். டிசம்பர் 18, 19 வார இறுதியில் நடக்க வேண்டிய 10 ஆட்டங்களில் 6 ஒத்திவைக்கப்பட்டன. சனிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கவிருந்த ஆஸ்டன் வில்லா – பர்ன்லி ஆட்டம் ஒத்திவைக்கப்பட்ட செய்தி வந்தபோது இரண்டு மணி நேரம்தான் மிச்சம். செய்தி வரும்போது வெளியூர் ரசிகர்கள் பாதி வழியில் இருப்பார்கள் என்பது அட்டவணை போடுகிற எவருக்கும் தெரியும். தொற்று முடிவுகள் காலையில்தான் வருகின்றன, என்ன செய்வது என்றால் அது நியாயமான பதில். அந்த அளவுக்கு அது பனியைப் போன்றதே. ஆனால் விதி என்ன சொன்னது? 13 களவீரர்களும் ஒரு கோல்கீப்பரும் இருந்தால் ஆட வேண்டும். அந்த 13 பேர் ஏன் இல்லை என்பதை அந்த எண்ணிக்கை கேட்கவில்லை. அதே வார இறுதியில் செல்சி கேட்ட ஒத்திவைப்பு மறுக்கப்பட்டது, பிறருடையது ஏற்கப்பட்டது. காரணங்கள் ரசிகருக்கு முழுதாகச் சொல்லப்படவில்லை. ஜனவரியில் டாட்டன்ஹாமுடனான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டபோது ஆர்சனல் அணியில் தொற்றுக்கு ஆளானவர் என்று வெளியே தெரிந்தது ஒருவர்தான். மற்றவர்கள் காயம், தடை, ஆப்பிரிக்கக் கோப்பை என்று போயிருந்தார்கள். சிலரை அதே மாதம் கிளப்பே பிற அணிகளுக்கு ஆடக் கடனாக அனுப்பியிருந்தது. ஆர்சனல் விதியை மீறவில்லை. விதி அனுமதித்ததைக் கேட்டுப் பெற்றது. குறைந்தது நான்கு பேருக்குத் தொற்று இருந்தால்தான் ஒத்திவைப்பு என்று பிரீமியர் லீக் பிப்ரவரி முதல் விதியைத் திருத்தியது. ரசிகர்களின் கோபம் எதைச் சுட்டியதோ அதை நிர்வாகமே காலம் கடந்து ஒப்புக்கொண்டது என்றுதான் இதற்குப் பொருள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். டிக்கெட்டிலேயே தேதி மாற்றத்துக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருக்கிறதே, மாற்றுத் தேதியில் அது செல்லுபடியாகிறதே, பிறகு வாக்குறுதி எங்கே மீறப்பட்டது? சட்டப்படி எங்கும் மீறப்படவில்லை. ஆனால் வாக்கின் கடப்பாடு காகிதத்தில் பிறப்பதில்லை. டி. எம். ஸ்கேன்லன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒருவரிடம் ஓர் எதிர்பார்ப்பை வேண்டுமென்றே உண்டாக்கி, அதை நம்பி அவர் காரியத்தில் இறங்குவார் என்று தெரிந்தும் இறங்க விட்டால், தக்க காரணமின்றி அவரைக் கைவிடக் கூடாது. கைவிட நேர்ந்தால் காலத்தோடு எச்சரிக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கால்பந்து அட்டவணை அத்தகைய எதிர்பார்ப்பை உண்டாக்கவே வெளியிடப்படுகிறது. இங்கிலாந்தில் மலிவான முன்பதிவு ரயில் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும், பணம் திரும்பாது. ஆட்ட டிக்கெட் மே மாதத்துக்கும் செல்லுபடியாகலாம். ஜனவரி ரயில் ஜனவரியிலேயே போய்விடும். இதையெல்லாம் கிளப்புகள் அறியாதவையும் அல்ல. வெளியூர் ரசிகரின் டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பை 2016-17 பருவத்திலிருந்து வைத்துக்கொண்டது அதே கிளப்புகள்தான். வெளியூர் ரசிகர் சாதாரண வாடிக்கையாளர் அல்ல, அவர் வருவதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்று அவை அப்போதே ஒத்துக்கொண்டுவிட்டன.

மைதானத்தில் சில ஆயிரம் பேர், தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர். பெரும்பான்மையின் வசதிக்குச் சிறுபான்மை விட்டுக்கொடுப்பதே நியாயம் என்று பயன்வாதம் பேசுவோர் உண்டு. இதற்குப் பதிலைக் காலி மைதானங்களே தந்தன. 2020 மே 16 அன்று ஜெர்மானிய லீக் ஆளில்லாத அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. ஜூன் 17 அன்று இங்கிலாந்து தொடங்கியது. ஒளிபரப்பாளர்கள் உடனே செய்த வேலை என்ன? வீடியோ விளையாட்டுகளுக்காகப் பதிவு செய்திருந்த கூட்டத்தின் ஆரவாரத்தை எடுத்து நேரலையில் கலந்தார்கள். ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக்கில் ரசிகர்களிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்கள் உருவத்தை அட்டையில் வெட்டி இருக்கைகளில் நிறுத்தினார்கள். வீட்டிலிருந்து பார்ப்பவர் காசு கொடுத்து வாங்குவது பந்தை மட்டும் அல்ல, அந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான். களத்திலும் அதன் தடம் பதிந்தது. ஏறக்குறைய முழுதும் ஆளில்லாமல் நடந்த 2020-21 பிரீமியர் லீக் பருவத்தில் சொந்த மைதான வெற்றிகள் 144, வெளியூர் வெற்றிகள் 153. இங்கிலாந்தின் முதல் பிரிவு வரலாற்றில் வந்த அணிகள் சொந்த அணிகளைவிட அதிகம் வென்றது அதுவே முதல் முறை. 68 லீக் ஆட்டங்கள் சொந்த மண்ணில் தோற்காதிருந்த லிவர்பூல், அதே ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு முறை தோற்றது. காயங்களும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆட்டத்தை உண்டாக்குவதில் கூட்டத்துக்குப் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் வடிவமைத்திருக்க முடியாது. பங்காளியிடம் பெரும்பான்மைக் கணக்குக் காட்டுவது முறையாகாது.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லையே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். பாதயாத்திரை போகச் சொல்லியும் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் கோயிலில் கொடியேற்றித் திருவிழாவை அறிவித்தவர்கள், நடந்து வருகிறவர்கள் பாதி வழியில் இருக்கும்போது நடையைச் சாத்திவிட்டு, நீங்களாகத்தானே கிளம்பினீர்கள் என்று கேட்டால் ஊர் அதை ஏற்காது. விருப்பத்தால் ஒருவர் எடுத்த சிரமம் பிறருடைய கடப்பாட்டைத் தளர்த்துவதில்லை. இன்னொரு மறுப்பு இவை எல்லாவற்றையும்விட உறைக்கும்: லட்சக்கணக்கானோர் மூச்சுக்குத் தவித்த காலத்தில் ரயில் டிக்கெட்டைப் பற்றிய புலம்பல் அருவருப்பானது அல்லவா? துயரங்களின் வரிசையில் இது கடைசியில் நிற்க வேண்டியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சிறிய கடன் பெரிய துயரத்தால் அழிந்துபோவதில்லை. தவிர, அவசரகாலத்தில்தான் காரணம் சொல்லாமல் முடிவெடுக்கும் பழக்கம் நிர்வாகங்களுக்கு இனிக்கத் தொடங்குகிறது. மூச்சுக்குத் தவித்தவர்களின் பெயரைச் சொல்லி ஒரு கிளப் தன் காயக் கணக்கைத் தீர்த்துக்கொண்டால், அந்தத் துயரத்தை அவமதிப்பது அந்தக் கிளப்தான், ரசிகர் அல்ல.

ரசிகரைப் பங்காளி என்று சொன்னால் அவருக்கும் கடப்பாடு உண்டு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 30 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2020 ஜூன் 25 அன்று லிவர்பூல் லீக் பட்டம் வென்றது. வீட்டிலேயே இருங்கள் என்று எல்லோரும் வேண்டியும் ஆயிரக்கணக்கானோர் தெருவில் கூடினார்கள். பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் அதைக் கண்டித்துப் பேசினார். அவர் கண்டித்தது சரி. அதைவிட முக்கியம், அவர்களைக் கண்டிக்கத் தகுந்தவர்களாக அவர் நடத்தியது. ஒத்திவைப்பை வெறும் நிர்வாக அறிவிப்பாக வீசிவிட்டுப் போனவர்கள் ரசிகரை அப்படி நடத்தவில்லை. அவரை வேறு தேதிக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

டாட்டன்ஹாம் – ஆர்சனல் ஆட்டம் கடைசியில் மே 12, வியாழக்கிழமை இரவு நடந்தது. 3-0 என்று டாட்டன்ஹாம் வென்றது. சாம்பியன்ஸ் லீக் இடமும் அந்தப் பருவத்தில் ஆர்சனலைத் தாண்டி டாட்டன்ஹாமுக்கே போனது. இதை நியாயத்தீர்ப்பாகக் கொண்டாடிய ரசிகர்கள் உண்டு. கர்மவினை இவ்வளவு சுருக்காக வேலை செய்யும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் புள்ளிப் பட்டியல் எவருடைய பயணச் செலவையும் திருப்பித் தரவில்லை. பனியோ புயலோ தடுத்தால் இழப்பை ரசிகர் தாங்கட்டும், இதுவரை தாங்கியும் வந்திருக்கிறார். ஒரு கிளப் தன் வேண்டுகோளால் ஆட்டத்தை ஒத்திவைத்தால், ஏற்கெனவே கிளம்பிவிட்ட ரசிகர்களின் வழிச்செலவை அந்தக் கிளப்பே ஏற்க வேண்டும், ஒத்திவைப்பின் காரணத்தையும் அன்றே வெளியிட வேண்டும். தொலைக்காட்சி உரிமத்தில் ஈட்டும் பணத்தில் இது அவர்களுக்கு ஒரு செலவே அல்ல.