ஜவ்வும் டியூவும்

சங்ககிரி டீக்கடையில் லாரிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு டீசல் விலையில் தொடங்கி, வண்டிக் கடன் டியூவைச் சுற்றி, இடுப்பில் வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் அங்கே பெஞ்சில் உட்காரவே மாட்டார். தூணில் சாய்ந்து, இடது காலை லேசாகத் தூக்கியபடி டம்ளரைப் பிடித்திருப்பார். கிளட்ச் மிதித்த கால். "இடுப்புல புடிச்சா பெருவிரல் வரைக்கும் கரன்ட் அடிக்குதுங்க" என்பார். எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது.

கத்தி வைத்தால் கால் போய்விடும் என்கிறது ஒரு கூட்டம். வைக்காவிட்டால்தான் போய்விடும் என்கிறது இன்னொன்று.

நெதர்லாந்தில் இப்படிக் கால்வலி வந்த 283 பேரைச் சீட்டுக் குலுக்கி, சீக்கிரமே அறுவை, காத்திருப்பு என இரண்டாகப் பிரித்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாக இறங்கியது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்கமாட்டாமல் இடையிலேயே கத்திக்குப் போயிருந்தார்கள். சீட்டு பிரித்ததை வலி மறுபடி பிரித்துவிட்டது.

பிதுங்கிய ஜவ்வை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. பிய்ந்து விழுந்த பெரிய துண்டுதான் பெரும்பாலும் நன்றாகக் கரைகிறது. ஸ்கேன் படத்தைப் பார்த்து மிரள்கிறவர்கள் இதை நம்புவதில்லை. சிறுநீர் நின்றுபோனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ கதை வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மற்றவர்களுக்குக் கத்தி வாங்கித் தருவது சில மாதங்களை. மாத்திரையும் நடையும் பயிற்சியும் விலையாகக் கேட்பதும் அதே மாதங்களைத்தான். மருத்துவ விடுப்பில் சம்பளம் வருகிறவருக்கு அந்த மாதங்கள் மலிவு. சொந்த வண்டியைக் கடனில் ஓட்டுகிறவருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு டியூ தேதி இருக்கிறது. எந்த எம்ஆர்ஐயிலும் அது தெரியாது, முடிவெடுப்பதென்னவோ அதுதான்.

"கமான் பட்டை முறிஞ்சா வண்டியைப் பட்டறையில உட்டுட்டுப் பேசாம இருக்கறீங்க இல்ல?" என்றேன்.

சிரித்தார். "அப்ப நான் நின்னுக்கலாங்க. நான் படுத்துட்டா வண்டியும் நின்னுக்குமே."

டம்ளரை வைத்துவிட்டு, லாரியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, வலது காலை முதலில் படியில் வைத்து, இடது காலை மெல்ல இழுத்துக்கொண்டு ஏறினார்.