பூனையின் இரையும் வளர்ப்போன் பொறுப்பும்

வீட்டிலே வளரும் பூனை அணிற்பிள்ளையொன்றையோ குருவிக் குஞ்சொன்றையோ கவ்வி வந்து வாசற்படியில் இடுவதுண்டு. சில வேளைகளில் அவ்வுயிர் முற்றாக இறந்திருப்பதுமில்லை. வீட்டார் அருவருப்படைகின்றனர், ஒருவர் தும்புத்தடியை எடுக்கின்றார், இன்னொருவர் பூனையைக் கொலைகாரியென ஏசுகின்றார். சிறிது நேரத்தின் பின் அதே பூனைக்குப் பாலும் வார்க்கப்படுகின்றது. நிகழ்ந்த அன்றே மறக்கப்படும் இச்சிறு நிகழ்ச்சியினுள் அறவியலின் அடிப்படை வினாவொன்று பொதிந்துள்ளது. அக்கொலைக்குப் பொறுப்பாளி யார் என்பதே அவ்வினா.

முதலிற் பூனையை நோக்குவோர், அது பழிக்குரியதன்று என்ற முடிவிற்கே வருதல் கூடும். ஒருவன்மீது பழி சுமத்த வேண்டுமாயின், அவன் தன் செயலின் தன்மையை அறிந்தவனாகவும், அதனைச் செய்யாது விடக்கூடியவனாகவும் இருத்தல் வேண்டும். கடமை என்பது பகுத்தறிவுடைய உயிர்க்கே உரியது என்ற இம்மானுவேல் கான்ற்றின் கருத்தும் இதனை வலியுறுத்தும். பூனையோ ஊனுண்ணும் உடலமைப்புடையது. தோரின் எனப்படும் சத்தினை அதன் உடல் போதிய அளவில் ஆக்கிக்கொள்வதில்லை. ஊனுணவிலிருந்தே இயல்பாக அதனைப் பெறுகின்றது. அது குறைவுபடின் பார்வை கெடும், இதயமும் நலியும். மேலும், வேட்டை உந்தல் பசியோடு மட்டும் பிணைந்ததன்று. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். இரையை வீட்டிற்குக் கொணர்வதைச் சிலர் அன்புப் பரிசு என்பர். தான் பாதுகாப்பாக உணரும் இடத்திற்கு இரையை எடுத்துச் செல்கின்றது என்பதே எளிய விளக்கமாகும். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்திலே எலிகள் சூழ நின்று தவம் புரியும் பூனையொன்று செதுக்கப்பட்டுள்ளது. அச்சிற்பத்தின் எள்ளல் மனிதனையே சாரும். பொய்த்தவம் செய்வதற்கு மெய்த்தவம் யாதென அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு பூனைக்கு இல்லை.

அவ்வாறாயின் எவருமே பொறுப்பாளி அல்லர், இஃது இயற்கை நியதி எனக் கூறி அமைதல் பொருந்துமா? காட்டுச் சிறுத்தைக்கும் வீட்டுப் பூனைக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. காட்டில் இரை அருகுமாயின் சிறுத்தையின் தொகையும் அருகும். இரையும் வேட்டை விலங்கும் ஒன்றையொன்று வரையறை செய்கின்றன. வீட்டுப் பூனைக்கு அவ்வரையறை இல்லை. சுற்றத்திலுள்ள குருவிகள் அனைத்தும் ஒழிந்தாலும் அதன் கிண்ணத்தில் உணவு நிரம்பும். தானியக் களஞ்சியங்களை நாடி வந்த எலிகளின் பின்னே பூனை மனிதனை அடைந்தது. ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் சைப்பிரசுத் தீவில் மனிதனொருவனின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமையை அகழ்வாய்வாளர் 2004 இல் வெளியிட்டனர். அன்று தொடங்கிய உறவு மனிதன் சென்ற இடமெங்கும் பூனையையும் கொண்டு சென்றது. நியூசிலாந்தின் ஸ்ரீபன்ஸ் தீவில் வெளிச்சவீடு அமைக்கப்பட்ட 1894 ஆம் ஆண்டளவிற் பூனைகளும் புகுந்தன. அங்கு வாழ்ந்த பறக்கவியலாச் சிறு குருவியினம் மிகச் சில காலத்துள் அழிந்துபட்டது. ஐக்கிய அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரையான பறவைகளைக் கொல்கின்றன என 2013 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவற்றுட் பெரும்பாலானவை வளர்ப்பாரற்ற பூனைகளாற் கொல்லப்படுவன என்பதும் அவ்வாய்வின் முடிபு. ஆயின், வளர்ப்பாரற்ற பூனை என்பது தானே தோன்றிய இனமன்று. மனிதன் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்ததே அது. எனவே, இயற்கை நியதி என்னும் நியாயம் இங்கு முழுமையாகப் பொருந்தாது.

இனி, வீட்டாரின் அருவருப்பை ஆராய்தல் தகும். அதே பூனை எலியைக் கவ்வி வரின் அது கெட்டித்தனம் எனப்படும். அணிலைக் கவ்வி வரின் கொடுமை எனப்படும். எலிக்கு வலியில்லையா? துன்புறும் ஆற்றலே ஓர் உயிரைக் கருத்திற் கொள்வதற்குரிய அளவுகோல் என ஜெரமி பெந்தாம் 1789 இல் எழுதியதை ஏற்பின், எலிக்கும் அணிலுக்கும் வேறுபாடு இல்லை. உண்மையில், வீட்டாரின் மனத்தில் மூன்று உணர்வுகள் கலந்து கிடக்கின்றன. குருதியைக் கண்ட அருவருப்பு ஒன்று. துன்புறும் உயிர்மீது எழும் இரக்கம் மற்றொன்று. ஓர் இனம் அருகிவிடுமோ என்னும் கவலை பிறிதொன்று. படியைக் கழுவியதும் அருவருப்பு நீங்கிவிடும். ஏனைய இரண்டும் கழுவுவதால் நீங்குவனவல்ல. அறத்தின்பாற்பட்டவை அவ்விரண்டுமே.

புலாலுண்ணாத சைவ வீடுகளில் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. அவ்வீட்டார் எறும்பையும் மிதியாது நடப்பர். ஆயினும் பூனைக்கென மீன் வாங்கப்படும். அல்லது, சோறும் பாலும் வைத்துவிட்டு, எஞ்சியதை அது வெளியே தேடிக்கொள்ளும் என விடப்படும். இரண்டிலும் கொலை வேறொருவர் கைக்கு மாற்றப்படுகின்றதேயன்றித் தவிர்க்கப்படுவதில்லை. வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, புலான் மறுத்தலுக்கும் தனி அதிகாரம் வகுத்து, உண்பவனையும் கொலையோடு தொடர்புபடுத்தினார். அத்தருக்கத்தின்படி பூனை வளர்ப்போனும் தொடர்பற்றவனாக மாட்டான். அதற்காகப் பூனையைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விட்டுவருதல் தீர்வாகுமா? அங்கும் அது வேட்டையாடும், குட்டிகளையும் ஈனும். கொலை குறையவில்லை, கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவே. தன் கை கறைபடாதிருத்தல் வேறு, உயிர்களின் துன்பம் குறைதல் வேறு. முன்னையதை நாடுபவன் தன் தூய்மையைப் பேணுகின்றான்; பின்னையதை நாடுபவனே அருளுடையவன்.

பொறுப்பு உண்டெனின் அதன் எல்லை யாது? இயன்றதைச் செய்தலே அவ்வெல்லை. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் நடைபெற்று 2021 இல் வெளியான ஆய்வொன்று இதற்கு வழிகாட்டும். ஊன்புரதம் மிக்க உணவு கொடுக்கப்பட்ட பூனைகள் வீட்டிற்குக் கொணர்ந்த இரை 36 வீதத்தாற் குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதற் பத்து நிமிடம் வரை அவற்றோடு விளையாடியமையால் 25 வீதம் குறைந்தது. பளிச்சிடும் நிறத் துணிப் பட்டியைக் கழுத்திற் கட்டியபோது கொணரப்பட்ட பறவைகள் 42 வீதத்தாற் குறைந்தன. பலரும் நம்பும் மணியாற் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. இவற்றோடு, இரவிலும் விடியற்பொழுதிலும் பூனையை உள்ளே வைத்தலும், இனப்பெருக்கத் தடைச் சிகிச்சை செய்வித்தலும் வளர்ப்போனால் இயல்வனவே. அடைத்து வைத்தல் பூனையின் சுதந்திரத்தைக் குறைக்காதா என வினவலாம். குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஓருயிரின் சில மணிநேர உலாவும் மற்றோருயிரின் வாழ்வும் ஒரே நிறையுடையனவல்ல.

குற்றுயிராய்க் கிடக்கும் இரையைப் பொறுத்தமட்டில், பிழைக்கக்கூடியதெனின் பூனையிடமிருந்து பிரித்துக் காத்தலும், பிழைக்காதெனின் அதன் வேதனையை விரைந்து முடிக்கத் தக்காரை நாடுதலும் கடனாகும். பாவம் வந்து சேருமென அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளுதல் கொல்லாமையாகாது. பூனையை அடித்தலும் பயனற்றதே. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பூனைகளின் கழுத்திற் சிறு ஒளிப்படக் கருவி பொருத்தி நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு, பிடிபட்ட இரையிற் காற்பங்கிற்கும் குறைவானதே வீடு வந்து சேர்ந்ததெனக் காட்டிற்று. ஆகவே படியிற் கிடக்கும் அணில், நிகழ்ந்தவற்றுள் ஒரு சிறு பகுதிக்கான சாட்சியே. அதனைக் கொணர்ந்தமைக்காகப் பூனையைத் தண்டித்தல் சாட்சியைத் துரத்துவதற்கு ஒப்பாகும்.

தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும் வாயை இறையருளுக்கு உவமையாக்கி, மார்ச்சால நியாயம் என்றனர் வைணவர். குட்டியைக் காப்பதும் குருவியைக் கொல்வதும் அதே பற்களே. அம்முரண் பூனைக்குத் தோன்றுவதில்லை, மனிதனுக்கே தோன்றுகின்றது. தோன்றுகின்றமையாற்றான் பொறுப்பும் அவனைச் சார்கின்றது.