விற்றுவிட்ட குலத்துப்பாக்கி: பற்றா, கடனா?

தலைமுறைகளாக வீட்டில் இருந்துவந்த துப்பாக்கியை விற்றவர், பணம் கைக்கு வந்து செலவான பின்னும் அதை எண்ணி வருந்துவாரானால், அவ்வருத்தத்தைச் சமயநோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். பொருளின்மேல் வைத்த பற்று என்று விடை கூறி முடித்துவிடுவது எளிது. அவ்விடைக்கு வேண்டிய சான்றுகள் இந்தியத் துறவு மரபுகளில் நிறையவே உள்ளன. ஆனால் துப்பாக்கியையே விளக்கின்முன் வைத்து வணங்கும் ஒரு சமூகத்தைக் கருத்தில் கொண்டால், அவ்விடை பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது.

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தைத் தாயகமாகக் கொண்ட கொடவர்கள் முன்னோர் வழிபாட்டை மையமாகக் கொண்டவர்கள். ஒக்கா எனப்படும் தந்தைவழிக் குலத்திற்கு ஐன்மனை என்ற பொதுவீடு உண்டு. குலத்தைத் தோற்றுவித்த மூதாதை அங்கே தெய்வமாகப் போற்றப்படுகிறார். தோக் என்று அவர்கள் வழங்கும் துப்பாக்கி இவ்வாழ்வின் இருமுனைகளிலும் ஒலிக்கிறது. ஆண்குழந்தை பிறந்ததை ஒரு வெடியாலும், இறப்பை அடுத்தடுத்த இரண்டு வெடிகளாலும் ஊருக்கு அறிவிப்பது அவர்களது பழைய வழக்கம். நடவுவேலை நடக்கும் மழைமாதங்களில் ஆயுதங்கள் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு வழிபாட்டறையில் வைக்கப்படும். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போள்து என்னும் ஆயுதத் திருவிழாவில் அவை துடைத்துத் தூய்மை செய்யப்பட்டு, தோக்பூ சூட்டி வணங்கப்பட்ட பின்னரே மீண்டும் கைக்கு எடுக்கப்படும். தோக்பூ என்பது வேறொன்றுமன்று, தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளே.

அரசும் இவ்வுறவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே கொடவர்களுக்கும், படைப்பணியோடு தொடர்புடைய பரம்பரை நிலவுரிமையான ஜம்மா நிலங்களை உடையவர்களுக்கும், துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டு வந்துள்ளது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் தொடர்ந்த அவ்விலக்கு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அது செல்லும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அதே 2019இல் நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, உரிமம் பெற்ற ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. பரம்பரையாக வந்தவற்றுக்கும் இவ்வரம்பு பொருந்தும் என்று சட்டம் வெளிப்படையாகவே கூறுவதால், நாட்டின் பிற பகுதிகளில் மூன்றாவது துப்பாக்கியாகத் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் ஏதேனும் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. சட்டத்தின் கட்டாயத்தால் பிரிந்தவருக்கு இழப்பு உண்டு, குற்றவுணர்வுக்கு இடமில்லை. இக்கட்டுரை கருதுவது தாமே முடிவெடுத்து விற்றவரின் வருத்தத்தை.

துறவு மரபுகளுள் இவ்வருத்தத்தை மிகக் கூர்மையாக அளக்கும் கோல் சமணத்திடம் உள்ளது. உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம், பரிக்கிரகம் எனப்படும் உடைமைகொள்ளலை மூர்ச்சை என்று வரையறுக்கிறது. மூர்ச்சையாவது, பொருளின்மேல் மனம் மயங்கிக் கிடத்தல். உடைமை என்பது பொருள் யாருடைய வீட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று என்பது இவ்வரையறையின் உட்கிடை. அவ்வாறாயின், துப்பாக்கியை விற்றுவிட்டு அதையே எண்ணிக் கொண்டிருப்பவர் அதை இன்னும் உடைமையாகவே கொண்டிருக்கிறார். விற்பனைப் பத்திரம் சட்டத்தின் கண்ணுக்கு மட்டுமே செல்லுபடியாகும். யான், எனது என்னும் செருக்கை அறுக்கச் சொல்லும் திருக்குறளின் துறவு அதிகாரமும் இத்திசையிலேயே நிற்கிறது.

இவ்விளக்கத்தின் வலிமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும், வருந்துபவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு அது தீர்ப்பு வழங்குகிறது. என்னுடையது போய்விட்டதே என்று அவர் வருந்தினால் அது பற்றுதான். குலப்பொருளை விற்றவரின் மனத்தை அறுப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறான எண்ணம். என்னுடையதல்லாத ஒன்றை என்னுடையதுபோல் விற்றுவிட்டேனே என்பதே அது. பசிபிக் தீவுச் சமூகங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் அனெட் வைனர் 1992இல் வெளியிட்ட நூலில், எல்லாவற்றையும் கொடுத்து வாங்கும் சமூகங்களும்கூடச் சில பொருள்களைப் பரிமாற்றத்திலிருந்து விலக்கி வைத்துக்கொள்கின்றன என்றும், குழுவின் அடையாளமே அவற்றில் தங்கியிருப்பது அதற்குக் காரணம் என்றும் விளக்கினார். ஐன்மனையின் தோக் அவ்வகைப் பொருள். கையில் வைத்திருப்பவர் அதற்கு உரியவர் அல்லர், முன்னோருக்கும் பின்னோருக்கும் இடையே அதைக் காத்து நிற்பவர் மட்டுமே. மனிதன் பிறக்கும்போதே முனிவர்க்கும் தேவர்க்கும் மூதாதையர்க்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்ற வைதிகக் கருத்து (இவற்றுள் மூன்றாவது பித்ரு ருணம் எனப்படும்) கொடவர் வழிபாட்டிலிருந்து தோன்றியதன்று எனினும், இவ்வருத்தத்தின் இயல்பைப் பற்று என்ற கருத்தைவிட நன்றாகவே விளக்குகிறது. கடன்பட்டவரிடம் பற்றை விடு என்று அறிவுரை கூறுவது கடன் கொடுத்தவரை ஏமாற்றச் சொல்வதற்கு ஒப்பாகும்.

எனினும் மூதாதையர் கடன் என்று கூறி நிறுத்திக்கொள்வதும் நேர்மையன்று. ஏனெனில் விற்கப்பட்டது குத்துவிளக்கோ ஓலைச்சுவடியோ அன்று, உயிரைப் போக்குவதற்கென்றே செய்யப்பட்ட கருவி. புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் ஆயுத வாணிகம் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. உயிர்களையும் இறைச்சியையும் கள்ளையும் நஞ்சையும் விற்பது பின்னர் வருகிறது. ஒருமுறை ஒரு துப்பாக்கியை விற்பது வாணிகமாகாது என்று வாதிடலாம். சமணம் அந்த இடுக்கையும் அடைத்துவிடுகிறது. வாள், கோடரி, நெருப்பு முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுப்பதையே ஹிம்சாதானம் என்று பெயரிட்டு, இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய வீண்தீமைகளுள் ஒன்றாக அது எண்ணுகிறது. இலவசமாகக் கொடுத்தாலும் குற்றம் குற்றமே.

துப்பாக்கியை வணங்கும் வழக்கமும் அதைக் கொடுப்பதையே விலக்கும் அறமும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. கைல்போள்து ஆயுதத்தைப் போற்றுவதோடு அதற்குக் கட்டும் போடுகிறது. எந்த மாதங்களில் தொடக்கூடாது, எப்போது எடுக்கலாம், எந்நிகழ்ச்சிகளுக்கு எத்தனை வெடி என்பவற்றை வழக்கமே வகுத்து வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை தடைப்பட்டதால், சடங்கைத் தவிர அத்துப்பாக்கிக்கு எஞ்சிய வேலையும் மிகக் குறைவு. விற்பனை நிகழும்போது இரும்புக்குழலும் மரக்கட்டையும் மட்டுமே கைமாறுகின்றன. அதைக் கட்டியிருந்த நோன்பு வாங்குபவருக்குச் சேர்வதில்லை. அவர் கையில் அது மீண்டும் வெறும் ஆயுதம். விற்றவர் செய்த பிழை என்று ஒன்று இருக்குமானால், அது நினைவுப்பொருளை இழந்ததில் இல்லை, கட்டுண்டு கிடந்த கருவியைக் கட்டவிழ்த்து அனுப்பியதில் உள்ளது. அந்தத் துப்பாக்கி இப்போது யார் வீட்டில், எந்நிலையில் இருக்கிறது என்று ஒருமுறையும் விசாரிக்காமல், தாத்தா சுமந்த துப்பாக்கி போயிற்றே என்று ஆண்டுக்கணக்கில் ஏங்குபவரின் வருத்தம், சமணர் கூறிய மூர்ச்சையே என்று கொள்ளத் தடையில்லை.

மருத்துவச் செலவுக்காகவோ மகளின் படிப்புக்காகவோ விற்றவரை இத்தீர்ப்பு சுடவேண்டியதில்லை; வாழ்பவரின் தேவைக்கு மூதாதையர் பொருள் பயன்பட்டதை எந்த மூதாதையும் குறைகூறார் என்று கொள்வதே பொருத்தம். மீட்டு வாங்குவதுதான் பரிகாரம் என்றும் சொல்வதற்கில்லை. வாங்கியவர் பொறுப்பானவர் என்று உறுதிப்படுத்திக்கொள்வதும், துப்பாக்கியின் வரலாற்றை எழுதி அவரிடம் சேர்ப்பிப்பதும் விற்றவரால் இயன்ற செயல்கள்.

இனி விற்க எண்ணுபவர்களுக்குச் சட்டமே ஓர் அவகாசத்தை வைத்திருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி, தம் சொந்தத் துப்பாக்கியை விற்பவர், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல்நிலையத்திற்கோ எழுத்தில் தெரிவித்து, அதன்பின் 45 நாட்கள் கழியாமல் அதைக் கைமாற்றக்கூடாது. குலத்தின் மூத்தோரையும் இளையோரையும் கேட்பதற்கும், வாங்குபவரை நேரில் கண்டு அறிவதற்கும் அந்த 45 நாட்களைப் பயன்படுத்துக.