பத்மு தீவிலே கேட்ட சத்தம்

வேத பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 1:9-20





"பாஸ்டர், பத்மு தீவுக்குப் போயிட்டு வந்தீங்களே, அதைப்பத்தி ஒரு நாளும் பிரசங்கம் பண்ணலையே?" என்று நம் சபையிலே ஒரு தாயார் என்னைப் பலமுறை கேட்டுவிட்டார்கள். "ஏத்த நேரத்திலே சொல்றேன்மா" என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால், சொல்ல வெட்கமாயிருந்தது. அந்தத் தீவிலே நான் பார்த்தது கொஞ்சம். என்னைக் கர்த்தர் பார்த்ததுதான் அதிகம். இந்த மாதம் அதை எழுதும்படி ஆவியானவர் ஏவுகிறபடியால் எழுதுகிறேன்.

2018-ம் வருஷம் அக்டோபர் மாதம். நாங்கள் இருபத்திரண்டு பேர் கிரேக்க தேசத்துக்குப் போனோம். ஏதென்ஸ், கொரிந்து, அதற்குப் பிறகு பத்மு. ஒவ்வொரு இடத்திலும் வேதபாடம் எடுக்கவேண்டியது அடியேனுடைய பொறுப்பு. ஆனால் புறப்பட மூன்று மாதம் இருக்கும்போது தொண்டையிலே ஒரு கட்டி வந்து ஆபரேஷன் பண்ணவேண்டியதாயிற்று. உயிர் தப்பியது, ஸ்தோத்திரம்! சத்தம் மட்டும் போய்விட்டது. முப்பது வருஷம் மைக் இல்லாமலே தெருமுனையில் பிரசங்கித்த தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

பணம் கட்டியாகிவிட்டது, போனேன். பாடம் எடுக்க ஒரு வாலிப ஊழியக்காரத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனோம். தம்பி நன்றாகவே பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை! கொரிந்துவின் இடிந்த தூண்களுக்கு நடுவே எல்லாரும் "ஆமென், அல்லேலூயா" என்று சொல்லும்போது, நான் பின்னாலே நின்றுகொண்டு, "இந்த வசனத்தை நான் எடுத்திருந்தால் எப்படிப் பேசியிருப்பேன்!" என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். தேவபிள்ளைகளே, இது ஒரு போதகனின் பாவ அறிக்கை. மறைக்க விரும்பவில்லை.

அமைதியைத் தேடி வருகிறவர்கள்

பத்முவுக்கு விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸ் பக்கத்திலுள்ள பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். நாங்கள் இறங்கினபோது நடு இராத்திரி தாண்டிவிட்டது. தீவு மொத்தமே 34 சதுர கிலோமீட்டர்தான். ஜனங்கள் சுமார் மூவாயிரம் பேர். ஸ்காலா என்ற சின்னத் துறைமுகம். அதற்கு மேலே மலையில் கோரா என்ற ஊர். ஊர் முழுவதும் வெள்ளையடித்த வீடுகள். நடுவிலே கருத்த கோட்டை மாதிரி ஒரு மடம். கி.பி. 1088-ல் கிறிஸ்தொதூலோஸ் என்ற துறவி பேரரசர் அலெக்சியோஸிடம் இந்தத் தீவைப் பெற்று அதைக் கட்டத் தொடங்கினார். கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்தே மதில்களை அவ்வளவு உயரமாய் எழுப்பினார்கள். அங்குள்ள நூலகத்திலே, ஊதா நிறத் தோலில் வெள்ளி எழுத்தால் எழுதப்பட்ட மாற்கு சுவிசேஷத்தின் 33 தாள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முந்தினவை!

கோடையிலே வருகிற கூட்டம் அக்டோபரில் இல்லை. காற்றின் சத்தம், அலையின் சத்தம், எங்கேயோ ஆட்டுக்கழுத்து மணியின் சத்தம், அவ்வளவுதான். எங்களோடு வந்த ஒரு சகோதரர், "ஆஹா, என்ன நிம்மதி பாஸ்டர்! இங்கேயே இருந்திடலாம் போலிருக்கே!" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் என் மனது சொன்னது: "உமக்கு இது நிம்மதி. திரும்பிப் போக டிக்கெட் வைத்திருக்கிறீர். யோவானுக்கு ஏது டிக்கெட்?"

பிரியமானவர்களே, அமைதி இரண்டு விதம். நாமே பணம் கொடுத்துத் தேடிப்போகிற அமைதி ஒன்று. மற்றவர்கள் நம்மேல் சுமத்துகிற அமைதி ஒன்று. இடம் ஒன்றுதான். ஒருவனுக்கு அது உல்லாசம், இன்னொருவனுக்கு அது சிறையிருப்பு.

அக்கரையிலே சபை, இக்கரையிலே போதகர்

இங்கே ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். "பத்மு மனுஷர் வாழாத வெறும் பாறை" என்று நானே பல மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அது சரியல்ல. அந்தக் காலத்திலேயே அங்கே ஊர் இருந்தது. எபேசுவிலே எந்தத் தியானாளுக்காக ஜனங்கள் கூச்சலிட்டார்களோ (அப். 19), அந்த ஆர்ட்டெமிஸ் தேவதைக்குப் பத்முவிலும் கோவில் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லுகிறது. அப்படியானால் யோவானைச் சுற்றி மனுஷர் இருந்தார்கள். அவருடைய மந்தைதான் இல்லை! ஆள் இல்லாத தனிமையைவிட, ஆட்கள் நடுவே நம்முடைய ஜனம் இல்லாத தனிமை கொடியது. வெளிநாட்டிலே வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு இது நன்றாய்ப் புரியும்.

ரோமப் பேரரசன் தொமித்தியான் கி.பி. 81 முதல் 96 வரை ஆண்டான். அவன் ஆட்சியின் கடைசிக் காலத்திலே யோவான் பத்முவில் இருந்தார் என்பது சபையின் பழைய சாட்சி. எபேசு அங்கேயிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். மலைமேல் ஏறி வடகிழக்கே பார்த்தால் சாமோஸ் தீவின் மலை தெரிகிறது. அந்தத் திசையிலே, அதற்கும் அப்பால்தான் எபேசு. நினைத்துப் பாருங்கள்! கலிலேயாவிலே மீன்பிடித்தவருக்குக் கடல்தான் பிழைப்பு, கடல்தான் பாதை. இப்போது அதே கடல் சுவராய் நிற்கிறது. கர்த்தருடைய நாள் வருகிறது (வெளி. 1:10). அக்கரையிலே சபை கூடுகிறது. போதகர் இக்கரையிலே நிற்கிறார். சபையை யார் பார்ப்பார்கள்? கள்ளப்போதகன் நுழைந்தால் யார் தடுப்பார்கள்?

வயதான ஒரு ஊழியக்காரனின் வேதனை இது. எனக்கு அது தெரியும். ஏனென்றால் அதே வேதனையோடுதான் நான் அந்தக் குகைக்குள் போனேன்.

குகையிலே

ஸ்காலாவுக்கும் கோராவுக்கும் நடுவழியிலே அந்தக் குகை இருக்கிறது. யோவான் தரிசனம் கண்ட இடம் என்று பரம்பரையாய்ச் சொல்லுகிறார்கள். பாறையின் கூரையிலே மூன்றாய்ப் பிரிகிற ஒரு வெடிப்பு. "இது திரித்துவத்துக்கு அடையாளம்" என்கிறார்கள். அவர் தலை வைத்துப் படுத்த இடம், கை ஊன்றி எழுந்த இடம் என்று வெள்ளி பதித்துக் காட்டுகிறார்கள். படங்கள், மெழுகுவர்த்தி, தூபம் எல்லாம் உண்டு. நம்முடைய ஆராதனை முறை வேறு. இந்தப் பாறைதானா, பக்கத்துப் பாறையா என்று நான் வாதாடப் போவதில்லை. தீவு அதுதான் என்று வேதமே சொல்லுகிறது, எனக்கு அது போதும்.

தம்பி மெல்லிய குரலிலே முதலாம் அதிகாரத்தை வாசித்தார். நான் ஒரு மூலையிலே உட்கார்ந்து ஜெபிக்க வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்நியபாஷை பேசிப் பேசி நிரம்பின வாய், காற்றாய்ப் போயிற்று. "ஆண்டவரே, இயேசுவின் தழும்புகளாலே சுகம் உண்டு என்று எத்தனை பேருக்குக் கைவைத்து ஜெபித்தேன்! எனக்கு ஏன் இப்படி? என் ஊழியம் முடிந்துவிட்டதா?" என்று உள்ளத்திலே கதறினேன்.

அப்போது தம்பி வாசித்த வசனம் என் காதிலே விழுந்தது. நூறு தடவை பிரசங்கித்த வசனம்தான். அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதலாவது, யோவான் தன்னை எப்படி அறிமுகம் பண்ணுகிறார் (1:9)? அப்போஸ்தலன் என்று பட்டம் போடவில்லை. "நான் உங்கள் சகோதரன், பாடுகளிலே உங்கள் கூட்டாளி" என்கிற பொருளில் எழுதுகிறார். பத்மு பட்டத்தைக் கழற்றிவிட்டது.

இரண்டாவது, சத்தம் அவருக்குப் பின்னாலே கேட்டது (1:10). அவர் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. நாம் எந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோமோ, கர்த்தர் அந்தப் பக்கத்திலேதான் பேசவேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, திரும்பினவர் கண்டது என்ன? ஏழு பொன் குத்துவிளக்குகள், அவைகளின் நடுவே மனுஷகுமாரன் (1:12,13). அந்த விளக்குகள் யார்? எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. அவர் விட்டு வந்த சபைகள் (1:20)! அல்லேலூயா! எந்தச் சபைகளை யார் பார்ப்பார்கள் என்று ஏங்கினாரோ, அவைகளின் நடுவே கர்த்தர் உலாவிக்கொண்டிருக்கிறார். கப்பல் இல்லாமலே இருக்கிறார். யோவான் இல்லாமலும் இருக்கிறார்!

பிரியமானவர்களே, அங்கேதான் நான் உடைந்தேன். விளக்கு என் கையிலே இல்லை. தம்பி பேசுகிற இடத்திலும் கர்த்தர்தான் உலாவுகிறார், நான் பேசின இடத்திலும் அவர்தான் உலாவினார். முப்பது வருஷமாய் விளக்கை நான்தான் தூக்கிப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

நான்காவது, கர்த்தர் யோவானிடம், "கப்பல் ஏறிப் போய்ப் பிரசங்கி" என்று சொல்லவில்லை. காண்கிறதை எழுதி ஏழு சபைகளுக்கும் அனுப்பச் சொன்னார் (1:11). மேடை போயிற்று, பேனா வந்தது. அந்த ஏழு பட்டணங்களின் வரிசையைப் படத்திலே பாருங்கள். கடிதம் கொண்டுபோகிறவன் நடந்துபோகிற வழி வரிசையாகவே அது இருக்கிறது. போதகரைக் கடல் தடுத்தது, கடிதத்தைத் தடுக்க முடியவில்லை. எபேசுவிலே அவர் பேசின பிரசங்கங்களில் எத்தனை நம்மிடம் வந்து சேர்ந்தன? பத்முவிலே எழுதினதோ இன்றைக்கும் நம் கையிலே இருக்கிறது!

கடல் இல்லாத நாள்

அன்று சாயங்காலம் கரையிலே உட்கார்ந்து வெளிப்படுத்தின விசேஷத்தை முழுவதும் வாசித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். புஸ்தகத்திலும் கடல்! கர்த்தருடைய சத்தம் பெருவெள்ள இரைச்சல் போல (1:15). சிங்காசனத்துக்கு முன்பாகக் கண்ணாடிக் கடல் (4:6). கடலின்மேல் ஒரு காலை ஊன்றி நிற்கிற தூதன் (10:2). கடலிலிருந்து எழும்புகிற மிருகம் (13:1). கடல் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புக்கொடுக்கும் நாள் (20:13). கடைசியிலே புதிய வானம், புதிய பூமி; அங்கே கடலே இல்லை (21:1).

கடற்கரைக்கு உல்லாசமாய்ப் போகிறவனுக்கு, "என்னய்யா, கடல் இல்லாமல் என்ன அழகு?" என்று தோன்றும். பத்முவிலே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கடல் இல்லை என்றால் பிரிவு இல்லை. அக்கரை, இக்கரை என்ற பேச்சே இல்லை. அடுத்த சில வசனங்களிலே கண்ணீர் துடைக்கப்படுகிறது (21:4). அந்த முதியவருக்கு அது எவ்வளவு பெரிய சுவிசேஷம்!

தொமித்தியான் செத்த பிறகு யோவான் எபேசுவுக்குத் திரும்பினார் என்று சபை வரலாறு எழுதின யூசேபியு சொல்லுகிறார். ஆனால் திரும்பின பிறகு தரிசனம் வரவில்லை, தீவிலே இருக்கும்போதே வந்தது. இதை மறந்துவிடாதீர்கள்.

நான் ஸ்காலாவிலே ஒரு கடையில் ஏழு தபால் அட்டை வாங்கினேன். ஏழு பேருக்கு எழுதினேன். அதிலே ஒருவர், என்னோடு மனஸ்தாபப்பட்டுச் சபையை விட்டுப்போனவர். சத்தம் இருந்தபோது அவரிடம் நான் பேசினதெல்லாம் நியாயம்தான், மன்னிப்பு கேட்கவில்லை. அட்டையிலே இடம் கொஞ்சம் என்பதால் மன்னிப்பு மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பாயிலே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். நானும் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கட்டிப்பிடித்து அழுதோம்.

என் சத்தம்? பாதிதான் திரும்பியிருக்கிறது, நீங்கள் அறிவீர்கள். மைக்கை வாயோடு ஒட்டிவைத்துத்தான் பேசுகிறேன். முழு சுகத்துக்காக இன்னும் விசுவாசத்தோடு ஜெபிக்கிறேன். கர்த்தர் வல்லவர். ஆனால் சத்தம் வந்தால்தான் ஊழியம் என்ற எண்ணம் அந்தக் குகையிலேயே போய்விட்டது.

அன்புச் சகோதரனே, சகோதரியே! உன் பத்மு எது? படுத்த படுக்கையா? ஓய்வுபெற்ற பிறகு யாரும் கூப்பிடாத வீடா? பிள்ளைகள் பேசாத தனிமையா? பாலைவனத்து வேலைக்கார முகாமா? "எல்லாம் முடிந்தது" என்று சொல்லாதே. உனக்குப் பின்னாலே ஒரு சத்தம் கேட்கிறது, திரும்பிப் பார். நீ யாருக்காகக் கவலைப்படுகிறாயோ, அவர்கள் நடுவே அவர் உலாவுகிறார். உன் கையிலே இன்னும் ஒரு பேனா இருக்கிறது. இந்த வாரம் ஒருவருக்காவது எழுது.

ஜெபிப்போமா?

அன்பின் ஆண்டவரே, எங்களைச் சூழ்ந்த கடலை நீர் அறிவீர். அக்கரையிலுள்ள எங்கள் பிள்ளைகள் நடுவே உலாவும். எங்கள் பெருமையைக் கழற்றிப்போடும். தனிமையிலே உம்முடைய வலதுகரம் எங்கள்மேல் இருப்பதாக. பிரிவில்லாத அந்த நாள்வரை எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்