சாத்திய கதவும் திருத்திய முடிவும்

ஊருக்காக எழுதுகிறவன் ஊர் கேட்டபடிதான் எழுத வேண்டுமா? சமுதாயத்திற்குத் தொண்டு செய்யாத கலை எதற்கு என்று கேட்பவர்கள் நாம். கேட்பது முறையே. ஆனால், தொண்டு வேறு, தலையாட்டல் வேறு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன், 1879-ல் 'பொம்மை வீடு' தீட்டினார். எட்டாண்டுக் காலம் கணவனின் கைப்பொம்மையாக இருந்த நோரா, அவனையும் மூன்று மக்களையும் விட்டு வெளியேறுகிறாள். கதவு சாத்தப்படும் ஓசையோடு திரை விழுகிறது. "தாயொருத்தி செய்யும் செயலா இது?" எனச் சீறினர் சீலர்கள். ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகையே, பெற்ற பிள்ளைகளைத் தாம் பிரியமாட்டார் என்று கூறி அந்த முடிவை நடிக்க மறுத்தார்.

இப்சன் என்ன செய்தார்? வளைந்தார்! உறங்கும் குழந்தைகளைக் கண்ட நோரா துவண்டு விழுந்து வீட்டிலேயே தங்கிவிடுவதாக, வேறொரு முடிவைத் தம் கையாலேயே எழுதித் தந்தார். அது தம் நாடகத்துக்கு இழைத்த காட்டுமிராண்டிக் கொடுமை என்று செய்தித்தாளில் அவரே அறிவிக்கவும் செய்தார். ஏன் இந்த முரண்? ஜெர்மனியில் அவர் நாடகங்களுக்கு அன்று சட்டத்தின் காப்பு இல்லை. அவர் மறுத்தால் வேறு எவனோ வெட்டுவான்; வெட்டுவது தம் கையாகவே இருக்கட்டும் என்று எண்ணினார்.

கோழைத்தனம் என்று கூற எனக்கு நாவெழவில்லை. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில், பெரிய மனிதர்கள் முகஞ்சுளிப்பார்களே என்று ஒரு வசனத்தை வெட்டியவன் நான். வெட்டு என்று எவரும் சொல்லவில்லை. சொல்வார்களோ என்ற அச்சமே வெட்டியது. என்னிடம் ஏது சட்டக் காரணம்?

இப்சன் வளைந்ததோடு நிற்கவில்லை. 1881-ல் 'பேய்கள்' எழுதினார். குடும்ப மானத்துக்காக, கெட்ட கணவனோடு தங்கிவிட்ட ஒருத்தியின் கதை அது. நோரா தங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டவர்களுக்கு வேறு விடை வேண்டுமா? புத்தகக் கடைகள் படிகளைத் திருப்பி அனுப்பின. அவர் நாட்டு அரங்குகள் அஞ்சின. முதலில் அது மேடையேறியது 1882-ல், கடல்கடந்த சிகாகோவில்! அதே ஆண்டில் 'மக்களின் பகைவன்' வந்தது. ஊருக்கு வருவாய் தரும் நீராடுமிடத்தின் நீரில் நச்சுக் கிருமி என்று மெய் உரைத்த மருத்துவனை ஊரே பகைவனாக்குகிறது. ஊருக்குத் தொண்டு செய்தவன் அங்கே யார்? ஊரா, மருத்துவனா?

1898-ல் நார்வேயின் பெண்ணுரிமைச் சங்கம் அவருக்கு விருந்தளித்துப் பாராட்டியது. பெண்ணுரிமைக்கென்று தாம் எழுதவில்லை, மனிதரைத் தீட்டுவதே தம் பணி என்றார் அவர். பாராட்ட வந்தவர்களிடம் இப்படியா பேசுவது என்று எனக்கும் முதலில் சினம் வந்தது. பிறகுதான் விளங்கிற்று: பகைவர் பூட்டும் விலங்கு கண்ணுக்குத் தெரிகிறது, நண்பர் சூட்டும் மாலைக்குள் இருக்கும் கயிறு தெரிவதில்லை.

முடிவை மாற்றச் செய்த அந்த நடிகையே பின்னாளில் மாற்று முடிவைக் கைவிட்டு, இப்சன் முதலில் எழுதியபடியே வீட்டைவிட்டு வெளியேறி நடித்தார். நான் வெட்டிய வசனமும் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டுவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.