வாயைத் திற, வாசல் திறக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் பைக்குள் மார்க் ஷீட்டை மடங்காமல் வைத்திருந்த ஓர் அப்பா, கம்ப்யூட்டர் முன் இருந்த பையனிடம் கேட்டார்: "தம்பி, இந்த மார்க்குக்கு எது கிடைக்கும்?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்: "எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தாண்ணே போடுறாங்க. போட்டுரவா?"

அப்பா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். "சரி, போட்டுரு தம்பி."

பத்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கை முடிவாகிவிட்டது!

கறவை மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். இரண்டு வேளை கறந்து பார்த்த பிறகுதான் முன்பணத்தை எடுக்கிறோம். நாற்பது வருஷம் உழைக்கப்போகும் தொழிலுக்குப் பத்து நிமிடம் போதுமா? அந்த அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்ல ஆளில்லை. டைப் அடித்த பையனையும் சொல்ல மாட்டேன். அவன் பிழைப்பு அது. என் கோபமெல்லாம் தரையைப் பார்த்த உன்மேல்தான், தம்பி! 'கேட்டால் சிரிப்பார்களோ' என்று உள்ளுக்குள் நடுங்கும் உன்மேலும்தான், தங்கச்சி!

நானும் ஒரு காலத்தில் தரையைப் பார்த்தவன். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்ற ஒற்றை வரி என் காதுக்கு வந்தபோது, விண்ணப்பத் தேதி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த வரி பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஒரு வருஷம் போனது.

உனக்கு அப்படிப் போகக் கூடாது. கேள்!

மார்க் குறைந்துவிட்டது என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறாயா? எழுந்திரு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு படித்தவன், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். சுற்றுவழிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

ஐ.ஐ.டி. என்றால் நமக்கெங்கே என்கிறாயா? சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் நடத்திவிட்டு, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள்.

கடற்கரை ஊர்ப் பிள்ளையா நீ? பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மீன்பிடிக் கப்பல் ஓட்டவும், அதன் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளவும் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனம் சென்னை ராயபுரத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தர கிண்டியில் சிப்பெட் இருக்கிறது. உளி பிடிக்க ஆசைப்படும் கைக்கு மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரியே இருக்கிறது. இவையெல்லாம் நேற்று முளைத்தவையா? நீ பஸ்ஸில் கடந்து போகும் வழியில்தான் நிற்கின்றன.

காசுக்கு எங்கே போவது என்பாய். அதையும் கேட்டுப் பார்! ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்தைப் பிடித்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022-இல் புதுமைப்பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும் திட்டங்கள் வந்துவிட்டன. டிகிரிக்கு மட்டும் என்று நினைக்காதே, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தாலும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி நீயென்றால், அதற்கொரு சான்றிதழ், அதற்கொரு கட்டணச் சலுகை.

யாரிடம் கேட்பது? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பதிவு போட மட்டும் போகிறாயே, அதன் பெயர்ப்பலகையை ஒருமுறை முழுசாகப் படித்திருக்கிறாயா? 'வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று எழுதியிருக்கும். வழிகாட்டுவது அவர்கள் வேலை. கேட்பது உன் உரிமை. பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணைச் சுற்றினால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. 2022-இல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளே நடக்கின்றன. நண்பனுக்குத் துணையாகப் போய்ப் பின்வரிசையில் செல்போன் பார்க்காதே. முன்வரிசையில் உட்கார், கையைத் தூக்கு!

எந்தப் படிப்பானாலும் நான்கு கேள்வி கேள். சேரத் தகுதி என்ன? கடைசித் தேதி எது? படித்து முடிக்கும்வரை மொத்தச் செலவு எவ்வளவு? போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? நான்காவது கேள்விக்கு மட்டும் கல்லூரிக்காரரின் பதிலை நம்பாதே. அங்கே படித்த அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடித்துக் கேள். வீடு தேடி வந்து 'சீட் வாங்கித் தருகிறேன்' என்பவரிடம் இந்த நான்கையும் அடுக்கிப் பார். காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விடுவார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று உன் பாட்டி சும்மா சொல்லவில்லை. இரண்டு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! மூன்றாவது ஆள் வழி சொல்வார்.

இன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. கேட்டதையெல்லாம் எழுது. தேதிகளைச் சிவப்பு மையில் எழுது. பிறகு அதே பிரவுசிங் சென்டருக்கு அப்பாவோடு போ. தரையைப் பார்க்காதே. திரையைப் பார்த்து, நோட்டைப் பிரித்து, நிமிர்ந்து சொல்: "அண்ணா, என்ன போடணும்னு நான் சொல்றேன். நீங்க அடிங்க."