போன் இல்லாதவர் ஏறும் கார்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோ வரத் தொடங்கியது. சில கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014-ல் நின்றது. நோக்கியா போன்கள் பரணில் கிடக்கின்றன. சான்ட்ரோக்கள் இன்னும் ஒரகடம் சாலையில் ஓடுகின்றன, எங்கள் வீட்டு 2009 மாடல் உட்பட.

அதற்குப் புது ஸ்டீரியோ வாங்க வேண்டும். "ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இல்லாம இப்ப யாரு சார் வாங்குறா?" என்கிறார் கடைக்காரர். நல்ல வசதிதான். ஆனால் அதில் பெட்டி வெறும் திரை. வேலை முழுக்கப் போனுடையது. எந்தப் போன் வரை ஆதரவு என்பதை கூகுளும் ஆப்பிளும்தான் முடிவு செய்யும். பெட்டியே இல்லாமல் போன் திரையில் ஓடிய ஆண்ட்ராய்டு ஆட்டோவை 2022-ல் கூகுள் நிறுத்திவிட்டது. எங்கள் மென்பொருள் தொழிலில் இது சாதாரணம். கைவிடப்படுகிறவரின் முகம் நமக்குத் தெரியாது.

இங்கே தெரியும். வார நாட்களில் இந்தக் காரை ஓட்டுவது அப்பா. கையில் பட்டன் போன். தொடுதிரைப் பெட்டியிலும் ரேடியோ உண்டு, மூன்று மெனுவுக்கு உள்ளே. "எனக்கென்னப்பா, உனக்குப் பிடிச்சத வாங்கு" என்கிறார். விட்டுக்கொடுப்பவரிடம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிற எனக்கு அந்த உரிமை குறைவு என்றே படுகிறது.

திருகும் வால்யூம், எஃப்எம், யூஎஸ்பி, ப்ளூடூத் உள்ள சாதாரணப் பெட்டியைத்தான் கேட்டிருக்கிறேன். ப்ளூடூத் ஒரு கம்பெனியின் தனிச்சொத்து அல்ல; அப்பாவின் போனும் அதில் சேரும். மேப்புக்கு டாஷ்போர்டில் ஒரு போன் ஸ்டாண்ட் போதும்.